கட்டாயம் வர்றனுங்க்கா

மாவரசி கிரைண்டர் கம்பெனியின் மூன்றாம் மாடியில் தெய்வானைக்குத் தனி அறை இருந்தது. சுழல் நாற்காலி இருந்தது, ஜன்னலோரத் தொட்டியில் ஒரு மணிபிளான்ட் கூட இருந்தது. வேலை ஒன்றுதான் இல்லை. அவள் வேலையை அவளுடைய குரல் பார்த்துக்கொண்டிருந்தது.

பதினோரு வருடம் அந்தக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்தவள் அவள். கல் சுற்றாத வீடு, பெல்ட் அறுந்த வீடு, மாவு தெறித்துச் சுவரெல்லாம் வெள்ளையடித்த வீடு, எல்லாம் கோயம்புத்தூர் கணபதியிலிருக்கும் ஆபீசுக்குப் போன் போட்டு அவளைத்தான் பிடிக்கும். கத்திக்கொண்டுதான் ஆரம்பிப்பார்கள். "அட, ஏனுங்க்கா, உளுந்து எத்தன நேரம் ஊறுச்சு?" என்று அவள் கேட்டதும் பாதிக் கோபம் இறங்கிவிடும். போனைக் கிரைண்டர் பக்கத்தில் வைக்கச் சொல்லி, சத்தத்தைக் கேட்டே கோளாறு இன்ன இடத்தில் என்று அவள் சொல்லும்போது மீதிப் பாதியும் இறங்கிவிடும். போனை வைக்கும்போது எப்படியோ சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் கம்பெனி அந்தப் பேச்சு முழுவதையும் ஒரு மெஷினுக்குப் புகட்டியது. அது குரலை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. தெய்வானை எங்கே நிறுத்துவாள், எதற்குச் சிரிப்பாள், வயதானவர்களிடம் எப்படி, வக்கீல்களிடம் எப்படி என்று ஒன்று விடாமல் எடுத்துக்கொண்டது. இப்போது ஒரே சமயத்தில் நாலாயிரம் வீடுகளில் தெய்வானை பேசுகிறாள். ஆறு லட்சம் குடும்பங்களின் முட்டி வலியும் பிள்ளைகளின் பரீட்சையும் அவளுக்கு மனப்பாடம். மூன்றாம் மாடியில் இருக்கும் அசல் தெய்வானைக்கு எதிர்வீட்டுக்காரர் பெயரே சமயத்தில் மறந்து போகும். அது வேறு கதை.

இப்படிக் குரல் வைத்துக்கொள்ள ஒரு சட்டம் இருந்தது. குரல் கொடுத்தவர் வருடா வருடம் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அன்றோடு குரல் நின்றுவிடும். யாராவது நேராகக் கேட்டால், தான் மெஷின் என்பதையும் யாரிடம் கற்றுக்கொண்டது என்பதையும் அது மறைக்கக் கூடாது. ஆனால் அப்படி யாரும் கேட்பதில்லை. இந்த வருடக் கையெழுத்துக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. வழக்கம் போலப் போட்டுவிட்டு, வழக்கம் போலக் கம்பெனி தரும் மைசூர்பாகை வாங்கிக்கொண்டு போகலாம் என்றுதான் தெய்வானையும் இருந்தாள்.

அந்த வியாழக்கிழமை காலை வாசலிலிருந்து செக்யூரிட்டி போன் செய்தார். "அக்கா, உங்களப் பாக்க ஒரு அம்மா வந்திருக்காங்க. தாம்பாளத்தட்டோட."

வந்தவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். அரக்குப் பட்டு, வியர்வையில் கரைந்த குங்குமம். தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், சாமந்திச் சரம், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. உள்ளே வந்ததும் நாற்காலியில் உட்காராமல் தெய்வானையை மேலும் கீழும் பார்த்தார்.

"நெனச்சதவிட ஒல்லியா இருக்கறியே அம்மிணி! நாந்தான், மயிலாத்தா. பல்லடத்துல இருந்து."

தெய்வானைக்கு மயிலாத்தா என்று யாரையும் தெரியாது. இதைச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் மேஜை மேலிருந்த திரை தானாக ஒளிர்ந்தது. பக்கத்து அறையில் இருக்கும் இஞ்சினியர் மெர்லின் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு அவசரமாக அனுப்பிய குறிப்பு அது. மயிலாத்தாள். இட்லி மாவு வியாபாரம். மூன்று வருடப் பழக்கம். வாரத்துக்கு ஐந்து அழைப்பு. ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம். முட்டி வலி. மகள் தரணிக்குத் திருப்பூர் வரன்.

"முட்டி வலி இப்ப எப்படி இருக்குங்க்கா?" என்று தெய்வானை கேட்டாள், கண் திரையில் இருந்தது.

"பரவால்ல அம்மிணி. நீ சொன்ன மாதிரி மணை போட்டு உக்காந்துதான் மாவு அள்ளறேன்."

"தரணிக்கு... திருப்பூர் மாப்பிள்ளையே அமைஞ்சிருச்சுங்களா?"

"அதுக்குத்தான வந்திருக்கேன்!" மயிலாத்தா தட்டை நீட்டினார். "வர்ற ஞாயித்துக்கெழம. போன்ல சொன்னப்பவே கட்டாயம் வர்றேன்னு சொல்லிப்போட்ட. இருந்தாலும் நேர்ல வந்து வெச்சாத்தான பத்திரிகை?"

தெய்வானை எழுந்து நின்று இரண்டு கையாலும் தட்டை வாங்கினாள். வாய் தானாகச் சொன்னது: "கட்டாயம் வர்றனுங்க்கா."

மயிலாத்தா லிப்டில் இறங்கிப் போனதும் அவள் நேராக மெர்லின் அறைக்குப் போனாள். மெர்லின் முப்பத்திரண்டு வயதுக்காரி, மார்த்தாண்டத்துப் பெண். கோபக்காரர்களைச் சமாளிக்க எப்போதும் மேஜையில் நேந்திரம் சிப்ஸ் வைத்திருப்பாள். பாக்கெட்டைத் தெய்வானை பக்கம் தள்ளினாள்.

"சிப்ஸ் வேண்டாம். நான் எப்ப அவங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வர்றேன்னு சொன்னேன்?"

"நீங்க சொல்லல அக்கா. உங்க குரல் சொல்லிச்சு."

"அதுக்குக் காலா இருக்கு, வர்றதுக்கு? எதுக்கு அப்புடிச் சொல்லுது?"

மெர்லின் கீபோர்டைத் தட்டி ஒரு பட்டியலைக் கொண்டு வந்தாள். "அது சும்மா எதுவும் சொல்லாது அக்கா. நீங்க என்ன சொல்லுவீங்களோ அதத்தான் சொல்லும். நீங்க புகார்ப் பிரிவுல இருந்த பதினோரு வருசத்துல உங்கள அறுபத்து மூணு பேர் விசேஷத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க. கல்யாணம், காதுகுத்து, வீடு பால் காய்ச்சறது. அறுபத்து மூணு தடவையும் நீங்க 'கட்டாயம் வர்றனுங்க்கா'ன்னுதான் சொல்லியிருக்கீங்க."

"அதெல்லாம் பேச்சுக்குச் சொல்றதுதான?"

"எத்தன விசேஷத்துக்குப் போனீங்க?"

தெய்வானை ஒன்றுக்கும் போனதில்லை. போக வேண்டும் என்று ஒரு நிமிடம் நினைத்ததும் இல்லை. யாராவது கூப்பிட்டால் வருகிறேன் என்பதுதான் மரியாதை. அவள் ஊரில், அவள் தெருவில், அவள் சொந்தத்தில் எல்லோரும் அப்படித்தான். வர முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்பவரைத்தான் திமிர் பிடித்தவர் என்பார்கள்.

"மெஷினுக்குப் பேச்சுக்குச் சொல்றது எது, நெசமாச் சொல்றது எதுன்னு தெரியாது அக்கா. நீங்க ரெண்டையும் ஒரே மாதிரிதான் சொல்லியிருக்கீங்க. ஒரே அன்பா." மெர்லின் குரலில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை, அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

"இந்த ஆவணில எத்தன பேருக்குச் சொல்லியிருக்கு?"

"முப்பத்தேழு. அதுல நேர்ல வந்து பத்திரிகை வெச்சது இந்த அம்மா மட்டும்தான்."

தெய்வானை ஒரு சிப்ஸ் எடுத்துக் கடித்தாள். தான் ஒரு நல்ல மனுஷி என்று அவளுக்கு ஒரு நினைப்பு இருந்தது. எங்கேயும் சொல்லிக்கொண்டதில்லை, ஆனால் இருந்தது. முப்பத்தேழு வீட்டில் தன் பெயரில் ஒரு நாற்காலி போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள் என்று நினைத்தபோது அந்த நினைப்பு நன்றாகவே ஆட்டம் கண்டது. வெட்கமாக இருந்தது. மெஷின் பொய் சொல்லியிருந்தால் அதைத் திட்டித் தீர்த்திருக்கலாம். அது அவள் பொய்யைத்தான் பத்திரமாக வைத்திருந்து எடுத்துச் சொல்லியிருக்கிறது.

"திங்கக்கெழம நான் கையெழுத்துப் போடலீன்னா என்னாகும்?"

மெர்லின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வேற யாரோட குரலாவது வரும். அது புதுசா ஆரம்பிக்கும், பழைய பேச்சு எதுவும் அதுக்குக் குடுக்க முடியாது, சட்டம் அப்படி. மயிலாத்தாம்மா செவ்வாய்க்கெழம காலைல அஞ்சு மணிக்குக் கிரைண்டர் போட்டுட்டுக் கூப்பிட்டா, யாரோ ஒருத்தங்க 'வணக்கம், உங்க பேர் என்ன'ன்னு கேப்பாங்க."

ஆக இரண்டு பக்கமும் இடி. கையெழுத்துப் போட்டால் தன் பெயரில் வாக்குத் தவறிக்கொண்டே இருக்க வேண்டும். போடாவிட்டால் ஆறு லட்சம் பேரிடம் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போவது போல ஆகும். அவள் ஒரு முடிவுக்கு வந்தாள், பாதி முடிவுதான் அது. முதலில் கல்யாணத்துக்குப் போவது. கையெழுத்தைப் பற்றி அப்புறம்.

செய்தி எப்படியோ மேனேஜர் சந்தானகிருஷ்ணனுக்குப் போய்விட்டது. அவர் ஆனந்தத்தில் படியேறி மூன்றாம் மாடிக்கே வந்துவிட்டார். "வாடிக்கையாளரோட நேருக்கு நேர்! இதத்தாம்மா நான் ரெண்டு வருசமாச் சொல்லிட்டிருக்கேன். மனசுக்கு நெருக்கமா, உண்மையா! வீடியோ எடுக்க ரெண்டு பேரக் கூட அனுப்பறேன். நீங்க மண்டபத்துல நொழையறப்ப அந்தம்மா கண்ணு கலங்கணும், அது மட்டும் கிடைச்சாப் போதும்."

"வேண்டாங்க சார். நான் கல்யாணத்துக்குப் போறேன்," என்றாள் தெய்வானை.

அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் திங்கட்கிழமை கையெழுத்து இருந்ததால் அவர் மேற்கொண்டு பேசவில்லை.

வெள்ளியும் சனியும் தெய்வானை ஐந்து வருடத்துக்குப் பிறகு ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டினாள். மற்ற முப்பத்தாறு வீட்டுக்கும் தானே கூப்பிட்டாள். "நான் தெய்வானை பேசறனுங்க. உங்க வீட்டு விசேஷத்துக்கு வர்றதாச் சொல்லியிருந்தேன். என்னால வர முடியாதுங்க. மன்னிச்சுக்கோணும்." மனப்பாடம் செய்த நாலு வரிதான், ஆனாலும் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் திக்கியது. சிலர் வருத்தப்பட்டார்கள். இரண்டு பேர் கோபப்பட்டார்கள். பல பேர், நீங்கள் வருவதாகச் சொன்னதே ஞாபகம் இல்லையே என்றார்கள். அவர்களும் பேச்சுக்குத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

தாராபுரத்துக்காரர் ஒருவர் மட்டும் சந்தேகமாகக் கேட்டார். "ஏனுங்க, இப்பப் பேசறது ஆளுங்களா, மெஷினுங்களா?"

"ஆளுதானுங்க."

"அப்புறம் எதுக்கு இப்படித் திக்கித் திக்கிப் பேசறீங்க? அது நல்லாப் பேசுமே!"

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் ஸ்கூட்டரை எடுத்தாள். கணபதியிலிருந்து பல்லடம் நாற்பது கிலோமீட்டர். அவ்வளவு தூரம் அவள் தனியாக ஓட்டியதே இல்லை.

அந்த ஸ்கூட்டருக்கும் ஒரு கதை உண்டு. மஸ்கட்டில் வேலை பார்க்கும் கணவர் வாங்கி நிறுத்திவிட்டுப் போனது. நாற்பத்து நாலு வயதில் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய், முதல் நாளே தெருமுனைக் குப்பைத்தொட்டியில் இடித்து விழுந்தாள். முழங்கை தோலுரிந்ததைவிட, எதிர்வீட்டு மாடியில் கேட்ட சிரிப்புதான் அதிகம் வலித்தது. அதன் மேல் உறையைப் போட்டு மூடியவள்தான், அதோடு தொடவில்லை. பிறகு ஒருநாள் ஸ்கூட்டர் கம்பெனியிலிருந்து சர்வீசுக்காகக் கூப்பிட்டார்கள். அருளானந்தம் என்று ஒரு குரல். வண்டி ஏன் ஒரு கிலோமீட்டர் கூட ஓடவில்லை என்று கேட்டது. அவள் சொன்னாள். யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். அது அவசரமே படாமல் கேட்டுவிட்டு, "சக்கரத்தப் பாக்காதீங்க அம்மிணி, ரோட்டப் பாருங்க. நீங்க பாக்கற பக்கந்தான் வண்டி போகும்," என்றது. அடுத்த நாளும் கூப்பிட்டது. ஒரு மாதம் காதில் மாட்டிக்கொண்டு அதன் துணையோடுதான் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டினாள்.

அது மெஷின் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அந்தத் தொழிலிலேயே சம்பளம் வாங்குகிறவள். தெரிந்தும் ஒருநாள் அதனிடம் நன்றி சொல்லிக் கண் கலங்கியிருக்கிறாள். அதை மெர்லினிடம் கூடச் சொன்னதில்லை.

பல்லடத்துக்கு வெளியே, பொள்ளாச்சி ரோட்டின் மேலேயே இருந்தது மண்டபம். தெய்வானை உள்ளே நுழைந்ததும் மயிலாத்தா மேடையிலிருந்தே கையை ஆட்டிக் கூப்பிட்டார். கண் ஒன்றும் கலங்கவில்லை. "வந்துட்டியா! போட்டோவுக்கு வா மொதல்ல!" என்று இழுத்து மணமக்கள் பக்கத்தில் நிறுத்தினார். தரணி குனிந்து காலைத் தொட்டாள். "எங்கம்மாவுக்குக் காலைல பேசற அக்கா இவங்கதான்," என்று மாப்பிள்ளையிடம் சொன்னாள். தெய்வானைக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

போட்டோ எடுத்து முடிந்து பந்திக்குப் போனால், ஓரத்தில் ஒரு வரிசையில் ஆறு இலை போட்டு, சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'குரல்காரங்க' என்று மார்க்கரில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. தெய்வானை அதை இரண்டு முறை படித்தாள். எல்லாம் தெரிந்துதான் செய்திருக்கிறார்களா? பரிமாறுகிறவர் வந்து, "நீங்க கிரைண்டருங்களா? இங்கதான் உக்காருங்க," என்று கையைக் காட்டியதும் உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்து இலைகள் காலியாகவே இருந்தன. சாம்பார் முடிந்து அவள் ரசத்துக்கு வரும்போதுதான் வரிசையின் அந்தக் கடைசியில் யாரோ அவசரமாக வந்து உட்கார்ந்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"நேரமாயிப் போச்சு தம்பி, நேரா ரசத்துக்கே வந்தர்றேன். மெதுவா ஊத்துங்க, அவசரமில்ல."

தெய்வானையின் கை இலையிலேயே நின்றுவிட்டது. உடம்பு முழுவதும் ஒரு நொடி அந்த மைதானத்துக்குப் போய்வந்தது. மெதுவாகத் திரும்பினாள். அறுபத்தைந்து வயது மனிதர், கட்டம்போட்ட சட்டை, கழுத்தில் துண்டு, மடியில் பஸ் டிக்கெட்டைச் செருகிய மஞ்சள் பை.

"அருளானந்தண்ணனுங்களா?"

"ஆமாங்க அம்மிணி." அவர் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே நிற்க, கண்கள் மட்டும் இங்கும் அங்கும் அலைந்தன. அவள் யார், எங்கே பார்த்தது என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று தேடுகிற கண்கள். அந்தப் பார்வையைத் தெய்வானை நன்றாக அறிவாள். வியாழக்கிழமை அவள் முகத்தில் இருந்ததும் அதுதான். எதிரே நின்று பார்க்கும்போது அது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது.

அவர் மட்டும் ஒன்றைச் செய்தார், அவள் செய்யாததை. "தெரியலீங்க அம்மிணி," என்றார். "என்னோட குரல் உங்களோட பேசியிருக்கும்போல. எனக்குத் தெரியாது. சொல்லுங்க, கேக்கறேன்."

தன் இலையை விட்டு எழுந்து வந்து பக்கத்து இலையில் உட்கார்ந்தார். தெய்வானை சொன்னாள். குப்பைத்தொட்டி, எதிர்வீட்டுச் சிரிப்பு, மைதானம், எல்லாவற்றையும். அவர் ரசம் ஆறுவதைக்கூடக் கவனிக்காமல் கேட்டார். நடுவில் ஒருமுறை, "அட, குப்பத்தொட்டியா?" என்று குலுங்கிச் சிரித்தார். போனில் அந்தக் குரல் சிரிக்காத இடம் அது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சக்கரத்தப் பாக்காதீங்கன்னு சொன்னீங்களே, அதுதானுங்கண்ணா என்னக் காப்பாத்துச்சு. நீங்க எத்தன வருசமா வண்டி ஓட்டறீங்க?"

அருளானந்தம் வெட்கத்தோடு துண்டை எடுத்து வாயைத் துடைத்தார். "எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க அம்மிணி. ஈரோட்டுல இருந்து பஸ்ல, பஸ் ஸ்டாண்டுல இருந்து நடைல வர்றேன். பயம். சர்வீஸ் டெஸ்க்குல ஒக்காந்து சீட்டெழுதினவன் நான். என் வீட்டுக்காரி டீச்சர் வேலைக்குப் போறதுக்காக வண்டி கத்துக்கிட்டா. பின்னாடி ஒக்காந்து நான் சொன்னது அது. அதையே வர்றவங்க போறவங்ககிட்டயும் சொல்லிட்டிருந்தேன், மெஷின் புடிச்சுக்கிச்சு."

அப்போது மயிலாத்தா பந்தி விசாரிக்க வந்தார். இலையைப் பார்த்து, "என்ன அம்மிணி, வடைய அப்படியே வெச்சிருக்க?" என்று ஆரம்பித்தவர், இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் இருந்தது சுத்தமான திருப்தி.

"ஆறு பேருக்கு நேர்ல போயிப் பத்திரிகை வெச்சேன். கேஸ் கம்பெனி, பேங்கு, கரண்ட்டு, போனு, அப்புறம் கிரைண்டரு, தரணியோட ஸ்கூட்டருன்னு நீங்க ரெண்டு பேரு. ஆறு பேருமே கட்டாயம் வர்றேன்னாங்க. வந்தது ரெண்டு!"

"அக்கா," என்றாள் தெய்வானை. "உங்களோட தெனமும் பேசறது நான் இல்லீங்க. அன்னிக்கி ஆபீஸ்ல கூட நான்..."

"அந்த டிவியப் பாத்துப் படிச்ச. எனக்கென்ன கண்ணு தெரியாதா?"

தெய்வானை அவரையே பார்த்தாள்.

"மெஷின்னு மொத வாரமே தெரியும் அம்மிணி. நாப்பது நிமிசம் என் பொலம்பலக் கேக்கற மனுசி எந்த ஊர்ல இருக்கா? பெத்த புள்ளயே கேக்காது. அதுகிட்டயே ஒருநா கேட்டேன், இப்படிப் பேச யாருகிட்டக் கத்துக்கிட்டேன்னு. கணபதி ஆபீஸ்ல மூணாவது மாடில தெய்வானைன்னு ஒருத்தங்க, அவங்ககிட்டன்னு சொல்லுச்சு." மயிலாத்தா குனிந்து அவள் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் விடச் சொல்லிக் கைகாட்டினார். "மெஷினுக்கா பந்தி போட முடியும்? அதுக்குச் சொல்லிக் குடுத்தவங்களுக்குத்தான் சாப்பாடு போடோணும். வாத்தியாருக்குப் பண்ற மாதிரின்னு வெச்சுக்க."

தெய்வானைக்குக் கண்ணீர் வந்தது, அதுவும் பாயசத்தில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. பதினோரு வருடம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேசியதற்கு ஒருவர் இலை போட்டு மரியாதை செய்கிறார். அது அவளுக்கு நேராகப் போய்ச் சேர்ந்தது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "நாளைக்கு நான் கையெழுத்துப் போடோணுங்க்கா. போட்டாத்தான் அந்தக் குரல் தொடர்ந்து பேசும். போடட்டுங்களா, வேண்டாங்களா? நான் பேச்சுக்குச் சொன்னதெல்லாம் சேத்துத்தான் அது கத்துக்கிச்சு."

மயிலாத்தா அதிகம் யோசிக்கவில்லை. "போடு. காலைல அஞ்சு மணிக்கு எனக்கு யாரு இருக்கா? ஆனா ஒண்ணு மட்டும் சொல்லி வெய்யி. வர முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லச் சொல்லு. நாலு எலை வீணாப் போச்சு பாரு. சமையல்காரன் என்னத்தான் திட்டறான்."

"அப்புடியே பண்றனுங்க்கா," என்றாள் தெய்வானை. வெள்ளியும் சனியும் அவள் பேசிய முப்பத்தாறு அழைப்புகளை மெர்லினிடம் கொடுத்துவிட்டால் போதும். முப்பத்தாறு முறை, ஒரே அன்போடு, வர முடியாது என்று அவள் சொல்லியிருக்கிறாள். அது கற்றுக்கொள்ளும்.

தாம்பூலப் பையோடு வெளியே வந்தபோது உச்சி வெயில். அருளானந்தம் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கத் தயாராகத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார். மூன்று கிலோமீட்டர்.

"ஏறுங்கண்ணா, நான் கொண்டு விடறேன்," என்று தெய்வானை வண்டியைக் கிளப்பினாள்.

அவர் வண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வானத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். மஞ்சள் பையை நடுவில் வைத்து இரண்டு கையாலும் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டார். முதல் திருப்பத்தில் எதிரே ஒரு லாரி வந்தது. தெய்வானையின் பார்வை பழைய பழக்கத்தில் முன்சக்கரத்துக்கு இறங்கியது.

"சக்கரத்தப் பாக்காதீங்க அம்மிணி, ரோட்டப் பாருங்க!"

அதே வார்த்தை, அதே குரல். ஆனால் போனில் அது ஒருநாளும் இப்படி நடுங்கியதில்லை. அவள் பார்வையை உயர்த்தினாள், லாரி ஒதுங்கிப் போனது.

"பயமா இருக்குங்களாண்ணா?"

"உசுரே போகுது," என்றார் அருளானந்தம். "நீங்க ஓட்டுங்க."

அவள் வேகத்தைக் குறைத்தாள். இவ்வளவு பயந்துகொண்டா இந்த மனிதர் மனைவியின் பின்னால் உட்கார்ந்து அதைச் சொன்னார் என்று நினைத்தபோது அந்த வாக்கியம் முன்னைவிடப் பிடித்துப் போனது. வழி முழுவதும் அவர் பேசவில்லை. அவள் சந்தோஷமாக ஓட்டினாள்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கால் தரையில் பட்டதும் அவருக்குப் பேச்சு திரும்பியது. "நல்லா ஓட்டறீங்க அம்மிணி. நான் சொன்னது ஒரு வேலைக்காச்சும் ஆயிருக்கு." ஈரோட்டு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பினார். "தை மாசம் பேத்திக்குக் காதுகுத்து வெச்சிருக்கோம். நீங்க வரோணும்."

"கட்டாயம்..." என்று ஆரம்பித்துவிட்டுத் தெய்வானை நிறுத்தினாள். ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போட்டுவிட்டு, தாம்பூலப் பைக்குள் கையை விட்டுப் போனை எடுத்துக் காலண்டரைத் திறந்தாள்.

"தை எத்தனாந் தேதிங்கண்ணா?"